உதட்டுக்கு ஏற்ற பெயர்

எங்கள் ஸ்டூடியோவில் நெவெனாவை எல்லோரும் தையல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசி நூல் எடுத்து ஒரு பொத்தான் தைத்துக்கூட யாரும் பார்த்ததில்லை. அவள் தைத்தது வாய்களை. அந்தக் காலத்தில் பல்கேரியாவில், எங்கள் சோபியா நகரத்தில் எடுத்த படங்களுக்குப் படப்பிடிப்பிலேயே குரல் பதிகிற வழக்கம் இல்லை. கேமரா போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் தும்மினால்கூடக் கேட்காது. ஊமையாக எடுத்துக்கொண்டு வருவார்கள். பிறகு ஸ்டூடியோவில் இருட்டறைக்குள் நின்று, திரையில் தங்கள் வாய் அசைவதைப் பார்த்து நடிகர்கள் பேசுவார்கள்.

இதில் என்ன சிக்கல் என்றால், படப்பிடிப்பில் பேசினது ஒன்றாக இருக்கும், பிறகு பேச வேண்டியது இன்னொன்றாக இருக்கும். நடிகன் வசனத்தை மறந்து வாய்க்கு வந்ததை உளறியிருப்பான். இல்லையென்றால் படம் முடிந்த பிறகு மேலிடத்தில் யாருக்காவது ஒரு வாக்கியம் உறுத்தும். அசைந்துவிட்ட உதட்டை மாற்ற முடியுமா? அதற்குப் பொருந்துகிற மாதிரி வேறு வசனம் எழுத வேண்டும். அதில் நெவெனாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாயைப் பார்த்தே என்ன பேசினார்கள் என்று சொல்லிவிடுவாள். அதே வாயில் நேர் எதிரான அர்த்தத்தையும் வைத்துவிடுவாள். “கொட்டாவி விடறவன் வாய்லகூட தேசபக்தியத் திணிச்சிடுவா” என்பார் சவுண்ட் இன்ஜினியர் கோச்சோ. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எண்பத்தைந்தாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவள் மேஜைக்கு வந்தது திரேசியர் படம். எங்கள் மண்ணில் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள் அவர்கள். தங்களைப் பற்றி எதையும் எழுதி வைக்காத ஜனங்கள். அதனால் அவர்கள் பேரில் யார் எதை எழுதினாலும் மறுத்துப் பேச ஆள் வராது. படத்துக்குக் குதிரை கேட்டால் குதிரை வந்தது, படைவீரர்கள் கேட்டால் ராணுவமே வந்தது. அப்படி அள்ளிக் கொடுத்தார்கள் என்றால் அதில் ஒரு காரியம் இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

முந்தின குளிர்காலத்தில்தான் எங்கள் நாட்டுத் துருக்கியர் அத்தனை பேருக்கும் பெயரை மாற்றினார்கள். ஊரைச் சுற்றி ராணுவ வண்டிகள் நிற்கும். உள்ளே மேஜை போட்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பல்கேரியப் பெயர் எழுதித் தருவார்கள். அவர்கள் மொழியைத் தெருவில் பேசினால் அபராதம். பத்திரிகைகளில் இதற்கு வேறு கதை. இவர்கள் துருக்கியரே இல்லையாம். ஆதியில் நம்மவர்களாம். அந்நியன் வந்து மாற்றி வைத்த பெயரை உதறிவிட்டு, தாங்களாகவே சந்தோஷமாகப் பழைய பெயருக்குத் திரும்பினார்களாம்.

படத்தின் கதையும் அதுதான். அந்நியப் படை ஒரு திரேசிய இளவரசனைக் குழந்தையிலேயே தூக்கிக்கொண்டு போய் வேறு பெயர் வைத்து வளர்க்கிறது. அவன் பெரியவனாகித் தன் மலைக்குத் திரும்புகிறான். கிழப் பூசாரி ஒருவர் அவனுக்கு உண்மைப் பெயரைத் திருப்பித் தருகிறார். கடைசியில் போரில் அவன் சாகிறான், மலைநாட்டுப் பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழஞ்சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள்.

கடைசிக் காட்சியைத் தென்கிழக்கு மலைகளில், துருக்கியர் கிராமம் ஒன்றின் பக்கத்தில் எடுத்தார்கள். அழுகிற பெண்களாக நின்றது அந்தக் கிராமத்துப் பெண்கள்தான். பேராசிரியர் ஒருவர் பத்திரிகையில் எழுதினார்: அந்தப் பெண்கள் தலைத்துணியை முடிகிற விதமும் திரேசியப் பானை ஓவியத்தில் இருக்கிற முடிச்சும் அப்படியே ஒன்று. அந்தத் தலைத்துணியை அவிழ்க்கச் சொல்லி அதே கிராமத்தில் முந்தின குளிர்காலம்தான் உத்தரவு போட்டிருந்தார்கள். பேராசிரியர் அதை எழுதவில்லை.

நெவெனா அந்தச் சுருளை எடிட்டிங் மேஜையில் ஓட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பெண்கள், நீளமான கம்பளி அங்கி, வெள்ளைத் தலைத்துணி. எல்லோரும் எழுதிக் கொடுத்த வரியை முணுமுணுக்கிறார்கள். நடுவில் ஒருத்தி மட்டும் அந்த வரியைச் சொல்லவில்லை. ஐம்பது வயது இருக்கும். அகன்ற கன்னம், மூக்கோரத்தில் மரு. கேமரா மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு அவளிடமே போய் நின்றுவிட்டது. அவள் உதடு ஒட்டுகிறது, குவிகிறது, மறுபடியும் ஒட்டுகிறது, குவிகிறது. முமுன். பிறகு இன்னொரு சொல்.

நெவெனா தெற்கே புகையிலை விளைகிற ஊரில் பிறந்தவள். பக்கத்து வீட்டோடு ஒரே சுவர், அந்த வீட்டில் துருக்கியர். சாயங்காலம் ஆனால் அந்தத் தெருவில் தாய்மார்கள் பிள்ளைகளை அந்த இரண்டாவது சொல்லால்தான் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். என் ஆட்டுக்குட்டியே என்று அர்த்தம். அவளையும் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு அந்த மொழி தெரியும் என்பது ஸ்டூடியோவில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

இயக்குநர் யாவோரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இவ யாரைக் கூப்பிடறா?”

“இளவரசனைத்தான்.”

“விளையாடாத யாவோர். வாய் பாக்கறது என் பொழப்பு.”

யாவோர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சிகரெட் பற்றவைத்தான்.

“அவ பையன். போன குளிர்காலத்துல, பேர் மாத்தக் கூடாதுன்னு ஊர்ச் சதுக்கத்துல கூட்டம் கூடினப்ப சுட்டாங்க இல்ல, அதுல போயிட்டான். சின்ன வயசு. போலீஸே எடுத்துட்டுப் போய்ப் பொதைச்சிருக்கு. தொழுகை கிடையாது, அழக்கூட விடல.”

“உனக்கு இது எப்பத் தெரியும்?”

“ஷூட்டிங் அன்னைக்குக் காலையிலயே சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா கேமராவ ஓட விட்ட?”

“நிறுத்தச் சொல்றியா? இந்த அழுகைய எந்த நடிகைகிட்ட வாங்குவ? சொல்லு பாப்போம். நான்தான் சொன்னேன், யாரை நெனச்சு வேணும்னாலும் அழுங்க, என்ன பேர் வேணும்னாலும் சொல்லிக் கூப்பிடுங்கன்னு. குரல்தான் பதியப் போறதில்லையே.”

“அதை அவங்ககிட்ட சொன்னியா?”

“எதை?”

“குரல் பதியாதுங்கறத.”

யாவோர் சாம்பலைத் தட்டினான். “நெவெனா, நீ வசனத்த எழுது. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருப்பவன் அவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. சொல்லும்போது அவன் காது சிவந்திருந்தது. எங்கள் எல்லோருக்கும் அந்த வருஷம் காது சிவந்துதான் இருந்தது. கேட்டால் குளிர் என்போம்.

எழுதிப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. திரைக்கதையில் இளவரசன் பெயர் தெரெஸ். அதைச் சொல்ல உதடு ஒட்டவே வேண்டாம். அந்தப் பெண்ணின் உதடோ மூச்சுக்கு மூச்சு ஒட்டி ஒட்டிப் பிரிகிறது. தெரெஸ் என்று வைத்தால் மாடு அசைபோடுவது மாதிரி இருந்தது.

மேலிடத்தின் ஆளாகப் படத்தைக் கவனித்துக்கொண்டவர் தோழர் பென்சேவ். சாதுவான, தடித்த மனிதர். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு டப்பா லோகும் மிட்டாய் வாங்கி வந்து எல்லோருக்கும் நீட்டுவார். துருக்கி மிட்டாயாயிற்றே என்று ஒருமுறை யாரோ சொன்னதற்கு, “இதுவும் நம்முதுதான், அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க” என்றார். அன்றைக்கும் டப்பாவைத் திறந்தபடியே சொன்னார்:

“அந்தம்மா மொகம்தான் படமே. அதை வெட்டக் கூடாது. தையல்காரம்மா, ஏதாவது வழி பண்ணுங்க.”

நெவெனா பேசாமல் இருந்திருக்கலாம். முடியாது, பொருந்தாது என்று கைவிரித்திருந்தால் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு முடிச்சைக் கொடுத்தால் அவிழ்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. திறமை என்பதும் ஒரு வியாதிதான்.

“இளவரசன் பேரையே மாத்திட்டா?” என்றாள். “மத்த இடத்துலெல்லாம் தாடி வெச்ச ஆளுங்க, தூரத்துல நின்னு சொல்றாங்க. எந்தப் பேரும் ஒக்காரும். இவ வாய்க்கு ஏத்த மாதிரி ஒரு பேரு வெச்சா… மூபோஸ்னு வெச்சா சரியா வரும். ப சொன்னாலும் ம சொன்னாலும் ஒதட்டுக்கு ஒண்ணுதான்.”

பென்சேவ் மிட்டாயை மென்று விழுங்கினார்.

“பேரை மாத்தணுமா? அது நமக்குக் கைவந்த கலையாச்சே!” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். யாவோர் சிரித்தான். கோச்சோ மேஜையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். நெவெனாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்று வீட்டுக்குப் போகும் வரைக்கும் அவள் முகத்தில் காய்ந்த களிம்பு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அடுத்த வாரமே பேராசிரியர் மூபோஸைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வெள்ளிக் கிண்ணத்து உடைசலில் அந்தப் பெயரின் பாதி இருக்கிறதாம். மீதிப் பாதியை அவர் ஊகித்துக்கொண்டார். சுட்டுக் கொல்லப்பட்ட பையனின் பெயர் தாயின் உதட்டில் விட்டுப்போன அச்சு சரித்திரமாகிவிட்டது.

குரல் கொடுக்க முதலில் நாடக நடிகை ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். பெரிய பெயர் எடுத்தவள். அவள் அழுததைக் கேட்டுவிட்டு கோச்சோ, “பஸ்ஸத் தவற விட்டவ மாதிரி இருக்கு” என்றார். அப்போதுதான் யாவோருக்கு அந்த யோசனை வந்தது: அந்தப் பெண்ணையே கூட்டிவந்து பேச வைத்தால் என்ன? பென்சேவுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. மலைநாட்டுப் பெண் தன் முன்னோரான இளவரசனுக்குத் தன் சொந்தக் குரலில் அழுகிறாள் என்று போட்டோவோடு பத்திரிகையில் போடலாம் என்றார்.

அவளை அரசாங்கக் காரில் கூட்டிவந்தார்கள். பெயர் ஸெகியே. அடையாளச் சீட்டில் ஸோர்கா. சீட்டை பென்சேவின் உதவியாளர் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். நெவெனா அவளை முதலில் பார்த்தது நடைக்கூடத்து பெஞ்சில். நகரத்துக் குட்டைப் பாவாடை, புதுக் காலுறை. தலையில் துணி இல்லை. கை நிமிஷத்துக்கு ஒருதரம் தலைக்குப் போய், இல்லாத துணியை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தது. திரையில் பார்த்த முகம்தான், ஆனால் படத்தில் இருந்த அதிகாரம் அதில் இல்லை.

“நீங்கதான் பேச்சு வெக்கறவங்களாம்மா?” என்றாள் தாழ்ந்த குரலில். துருக்கி மொழியில் கேட்டாள். நெவெனா முகத்தில் எதைப் பார்த்து அப்படிக் கேட்டாளோ தெரியாது.

“ஆமாக்கா” என்றாள் நெவெனா. பல்கேரிய மொழியில்.

ஸெகியே ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் மொழியை மாற்றிக்கொண்டாள்.

“என் கொரல் நல்லாக் கேக்குதா அதுல? அன்னைக்கு ஒரே காத்து. அதான் தொண்ட கிழியக் கூப்பிட்டேன்.”

நெவெனா கையில் இருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டு ஸெகியேவே மேலே பேசினாள்.

“மொதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னேன் தாயி. இவங்க கூத்துல போய் நிக்கணுமான்னு எங்க வீட்டுக்காரர்கூட ஏசினாரு. டைரக்டரய்யாதான் சொன்னாரு, யார் பேரச் சொல்லி வேணும்னாலும் அழலாம்னு. அப்பறந்தான் போனேன். புள்ளைக்குக் கல்லுல பேர் வெக்க விடல. கதவுல ஒட்டற சாவு நோட்டீசுக்குப் போனா மிலென்னு பேரு போட்டு அடிச்சுக் குடுத்தாங்க. செத்தப்பறம் பேர மாத்தியிருக்காங்க. உசுரோட இருக்கறவனா இருந்தா நாலு நாள்ல பழகிக்குவான். செத்தவன் எப்பிடித் தாயி பழகுவான்?”

“அக்கா…”

“நோட்டீச ஒட்டல. அடுப்புல போட்டுட்டேன். சரி, கல்லு இல்லாட்டிப் போவுது, நோட்டீசு இல்லாட்டிப் போவுது, சினிமால இருக்குமேன்னு நெனச்சேன். நாடு பூரா ஓடும்ல? யாரு முமுன்னு தெரியாட்டியும் பேரு காதுல விழும்ல?”

நெவெனாவுக்குத் தன் காலுக்குக் கீழே தரை போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அப்படியெல்லாம் போகாது. எங்கள் ஸ்டூடியோவில் நல்ல கெட்டியான தரை.

“அக்கா, கேமராவுக்குக் காது கெடையாது. படத்துல கொரல் இல்ல.”

“இல்லன்னா?”

“நீங்க கூப்பிட்டது பதியல. ஒதடு மட்டுந்தான் இருக்கு.”

ஸெகியே பாவாடையை முழங்காலுக்கு மேல் ஏறாமல் இழுத்து விட்டாள்.

“அப்ப என்னைய எதுக்குக் கூட்டியாந்தாங்க?”

“கொரலப் பதியத்தான். இங்க நின்னு திரும்பக் கூப்பிடணும்.”

சட்டென்று அந்த முகம் தெளிந்தது. நெவெனாவால் பார்க்க முடியாமல் போனது அதைத்தான். “அதானே பாத்தேன்! அப்ப இப்பக் கூப்பிட்டாப் போச்சு. இங்க காத்துகூட இல்ல.”

நெவெனா கையில் இருந்த தாளை நீட்டினாள். ஸெகியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். கொஞ்சம் படிப்பறிவு உள்ளவள்தான்.

“மூபோஸ். இது யாரு?”

“படத்துல வர்ற இளவரசன்.”

“யாரு பெத்த புள்ள?”

நெவெனா பொய் சொல்லியிருக்கலாம். பேராசிரியரின் கிண்ணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் உண்மை வந்துவிட்டது. “யாரும் பெக்கல அக்கா. உங்க ஒதட்டுக்குப் பொருந்தணுமேன்னு நான் வெச்ச பேரு.”

ஸெகியே தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குள் உதவியாளர் வந்து உள்ளே கூப்பிட்டார்.

குரல் பதிகிற அறையில் ஒரு திரை, ஒரு மைக், தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். பின்சுவரில் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோச்சோவும் யாவோரும் பென்சேவும் போட்டோக்காரரும். இந்தப் பக்கம் ஸெகியேவும், பக்கத்தில் நேரம் சொல்லிக் கொடுக்க நெவெனாவும். படத்தின் ஒரு துண்டை வெட்டி முனைகளை ஒட்டி வளையமாக்கி ஓட விடுவது எங்கள் வழக்கம். முடிந்ததும் நிற்காமல் முதலிலிருந்து வரும். பேசுகிறவருக்குப் பழகும் வரை ஓடிக்கொண்டே இருக்கும்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஸெகியே வந்தாள்.

அறையில் நின்ற ஸெகியே தன்னைத் தானே பார்த்தாள். திரையில் இருந்தவள் வாயைத் திறந்து சத்தமில்லாமல் கூப்பிட்டாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் கூப்பிட்டாள். துண்டு முடிந்து திரும்பவும் தொடங்கியது. நெவெனா அவள் தோளைத் தொட்டு, இதோ இப்போது என்று காட்டினாள். ஸெகியே பேசவில்லை. மறுபடியும் காட்டினாள். பேசவில்லை. வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன ஆச்சு? பேசச் சொல்லுங்க” என்றது ஒலிபெருக்கியில் பென்சேவின் குரல். “தோழர் ஸோர்கா, பயப்படாதீங்க. உங்க வீட்டுல பேசற மாதிரி நெனச்சுக்குங்க.”

ஸெகியே கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. மைக்கை விட்டு விலகி, நெவெனாவிடம் குசுகுசுவென்று கேட்டாள்.

“நீ வாயப் பாத்தே பேச்சக் கண்டுபிடிச்சிடுவியாமே?”

“ஆமா.”

“அப்ப நான் என்ன கூப்பிடறேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“சொல்லு. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் வாயால அந்தப் பேர நான் கேக்கணும். ஒரே ஒருதரம் வாய்விட்டுச் சொல்லு தாயி. அப்பறம் நீ எழுதிக் குடுத்ததச் சொல்லிட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்.”

மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குசுகுசுப்பு போகாது, வாய்விட்டுச் சொன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும். நெவெனா யோசித்தாள். அவள் இருந்தது ஸ்டூடியோ கொடுத்த வீடு. துருக்கி மொழி எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இவளுக்கும் உனக்கும் என்ன என்று கேட்பார்கள். கேட்பார்கள் என்று அவளே நினைத்துக்கொண்டதுதான். உண்மையில் அந்த நிமிஷம் வரை யாரும் அவளை ஒரு வார்த்தை மிரட்டவில்லை. வெட்கக்கேடு என்றால் அதுதான். எங்கள் நாட்டில் பாதிப் பேரை மிரட்டவே தேவைப்படவில்லை.

திரையில் அந்தத் தாய் மறுபடியும் வாயைத் திறந்தாள். அவளோடு சேர்ந்து நெவெனாவும் உதட்டை ஒட்டினாள், குவித்தாள், மறுபடியும் ஒட்டினாள், குவித்தாள். அசைவு அச்சாகப் பொருந்தியது. சத்தம் மட்டும் வரவில்லை. அவள் வரவிடவில்லை.

ஸெகியே அந்த வாயை உற்றுப் பார்த்தாள்.

“இந்த மாதிரி நாங்களும் சொல்லிக்கிட்டுதான் இருக்கோம்” என்றாள் அதே தாழ்ந்த குரலில். “சத்தமில்லாமச் சொல்ல எங்க ஊரு போதுமே. இதுக்கா கார் வெச்சு சோபியாவுக்குக் கூட்டியாந்தீங்க?”

மடித்த தாளை விரித்து, நீவி, ஸ்டாண்டில் வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

விளக்கைப் போட்டார்கள். “என்ன சொல்லுது அந்தம்மா?” என்று கேட்டார் பென்சேவ்.

“தலை சுத்துதாம்” என்றாள் நெவெனா. இந்தப் பொய் மட்டும் தடங்கல் இல்லாமல் சத்தமாகவே வந்தது.

பென்சேவ் கடிகாரத்தைப் பார்த்தார். போட்டோக்காரர் கேமராவை உறையில் போட்டார். யாவோர்தான் ஒலிபெருக்கியில் பேசினான்.

“நெவெனா, நீயே பேசிடு.”

“நான் நடிகையா?”

“நடிகைய நாம பாத்தாச்சு. அந்த ஒதடு ஒன்ன விட்டா யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு டேக். வரலன்னா விட்டுடலாம்.”

அவள் மாட்டேன் என்று இன்னொரு தடவை சொல்லியிருந்தால் அவன் விட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அவள் சொல்லவில்லை. மைக்கைத் தன் உயரத்துக்குத் தாழ்த்திக்கொண்டாள். விளக்கு அணைந்தது, வளையம் சுற்றியது. ஸெகியே திரையில் குனிந்து நிமிர்ந்து வாயைத் திறந்த அதே கணத்தில் நெவெனாவும் திறந்தாள்.

“மூபோஸ்!”

அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே தெரியாது. அடிவயிற்றிலிருந்து வந்தது. இத்தனை நேரம் வெட்கத்தில் அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் பொய்ப் பெயரைப் பிடித்துக்கொண்டு வெளியே கொட்டியது. மூபோஸ், என் மூபோஸ், எழுந்திரடா, உன் மலை கூப்பிடுகிறது. மூச்சு வாங்கிய இடம், தேம்பிய இடம், தொண்டை உடைந்த இடம், எதிலும் மயிரிழை பிசகவில்லை. கண்ணீர் நிஜமாகவே வந்தது. எதற்கு வந்தது என்று கேட்டால் அவளால் வாய் திறந்து சொல்லியிருக்க முடியாது.

முதல் டேக்கிலேயே பொருந்திவிட்டது. கோச்சோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அட்டகாசம் தையல்காரம்மா, ஆயிரத்துல ஒண்ணு!” என்று பென்சேவ் கண்ணாடியைத் தட்டினார். அறை புழுங்கியதால் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, பதிந்ததை இரண்டு தடவை பெரிய ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். லோகும் டப்பா கைமாறியது. நெவெனாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

வெளியே வந்தபோது ஸெகியே அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடையாளச் சீட்டு இன்னும் திரும்பி வரவில்லை. அது இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. நெவெனா தலையைக் குனிந்துகொண்டு அவளைக் கடந்துவிடப் பார்த்தாள்.

“இங்க வரைக்கும் கேட்டுது” என்றாள் ஸெகியே.

நெவெனா நின்றாள். வாயில் மிட்டாய் இனித்துக்கொண்டிருந்தது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

“நல்லாத்தான் அழுத” என்றாள் ஸெகியே. குரலில் குத்தல் எதுவும் இல்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டாள். “உங்க வீட்டுல யாரு தாயி செத்தது?”